உணவும் மருந்தும்: தாம்பரம் சானடோரியம் கற்பிக்கும் வரலாற்றுப் பாடம்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டிப் பாதையில் அடுத்தடுத்து இரண்டு நிலையங்கள் உள்ளன. குரோம்பேட்டை, குரோம் முறையில் தோல் பதனிட்ட ஒரு தொழிற்சாலையால் பெயர் பெற்றது. அதனை அடுத்துள்ள தாம்பரம் சானடோரியமோ ஒரு மருத்துவ முறையால் பெயர் பெற்றது. நாள்தோறும் அங்கு ஏறி இறங்குவோரில் 'சானடோரியம்' என்ற சொல்லின் பொருளை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. தூய காற்று, ஓய்வு, சத்தான உணவு ஆகிய மூன்றையும் கொண்டு நோயைத் தணிக்க முற்பட்ட நிலையத்துக்கே அப்பெயர் வழங்கிற்று.

இன்று அப்பகுதியில் இரண்டு பெரிய மருத்துவ நிலையங்கள் உள்ளன. ஒன்று, பழைய சானடோரியத்தின் வழிவந்த அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மற்றொன்று, 2005 செப்டம்பர் 3 அன்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம். மருத்துவரை நாடிச் செல்வோர் மிகுதியாகச் சொல்லும் முறையீடுகளில் இரண்டு, ஓயாத உடற்சோர்வும் தலைவலியுமாகும். அவற்றோடு ஒரு கேள்வியும் தவறாமல் எழுகிறது: எதை உண்டால் இது தீரும்? எதை விலக்கினால் வராது?

இக்கேள்வி புதியதன்று. பாக்தாதின் மருத்துவர்களும் தமிழகத்துச் சித்தர்களும் இதற்கு விடை கூற முயன்றுள்ளனர். அவர்கள் தந்த விடைகளையும், தாம்பரத்திலும் சேத்துப்பட்டிலும் நிகழ்ந்தவற்றையும் ஒருசேர வைத்துப் பார்த்தால், உணவின் ஆற்றலும் அதன் எல்லையும் ஒருங்கே விளங்கும்.

மரபு வகுத்த வரிசை

இஸ்லாமிய உலகின் மருத்துவ அறிஞர்கள் உணவை மருந்தின் துணையாக மட்டும் கருதவில்லை. சிகிச்சையின் முதற்படியாகவே வைத்தனர். இப்னு ஸீனா (980–1037) தம் 'அல்-கானூன்' நூலில் சிகிச்சையை மூன்றாக வகுத்தார்: வாழ்முறை ஒழுங்கும் உணவும் முதலாவது, மருந்து இரண்டாவது, கையால் செய்யும் சிகிச்சை மூன்றாவது. உணவால் தீர்க்க இயலும்போது மருந்துக்குத் தாவலாகாது என்பதில் மருத்துவர்கள் ஒருமித்துள்ளனர் என்று இப்னுல் கய்யிம் பதிவு செய்கிறார். காற்று, உணவும் நீரும், உடலின் இயக்கமும் ஓய்வும், உள்ளத்தின் இயக்கமும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவதும் தங்குவதும் என ஆறு இன்றியமையாதவற்றை யூனானி மரபு எண்ணிற்று. 11ஆம் நூற்றாண்டில் பாக்தாதைச் சேர்ந்த இப்னு புத்லான் என்ற கிறித்தவ மருத்துவர் இவ்வாறையும் அட்டவணைகளாக வகுத்து எழுதிய 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவின் அரண்மனைகளிலும் உலவியது.

ஒற்றைத் தலைவலியை அரபு மருத்துவர்கள் 'ஷகீகா' என்றனர். பிளத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த அச்சொல், தலையின் ஒரு பாதியைச் சுட்டுவது. இன்று உலகெங்கும் வழங்கும் 'மைக்ரேன்' என்பதும் பாதி மண்டையோடு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் திரிபே. தமிழரும் அதனை ஒற்றைத் தலைவலி என்றனர். மூன்று மொழிகளும் ஒரே கூர்நோக்கில் சந்திப்பது வியப்புக்குரியது. தலைவலிகளுள் சில இரைப்பையின் கோளாற்றோடு இணைந்து எழுபவை என்று இப்னு ஸீனா கருதினார். அவர் கூறிய காரண விளக்கம் இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும், ஒற்றைத் தலைவலி கண்டவருக்குக் குமட்டல் உண்டாவதும், அவ்வேளையில் இரைப்பையின் இயக்கம் மந்தமடைவதும் இக்கால மருத்துவம் ஒப்பும் செய்திகளாகும்.

ஹதீஸ் நூல்களிலும் இவ்விரு நோய்களின் சுவடுகள் உள்ளன. இஹ்ராம் நிலையில் இருந்தபோது ஷகீகாவின் பொருட்டு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தலையில் இரத்தம் குத்தியெடுத்துக்கொண்டதை இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக இமாம் புகாரி பதிவு செய்கிறார். வாற்கோதுமை மாவில் காய்ச்சும் 'தல்பீனா' என்னும் கஞ்சியைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அறிவிப்பது இன்னும் நெருக்கமானது. இறப்பு நேர்ந்த வீட்டில் துயருற்றோருக்கும் நோயுற்றோருக்கும் அதனைக் கொடுக்கச் சொன்ன அன்னையார், நோயாளியின் உள்ளத்துக்கு அது ஓய்வளிக்கும், கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என்ற நபிமொழியை எடுத்துரைத்தார். ஒரு பகுதியை என்றே நபிமொழி கூறுகிறது. முழுவதையும் என்று கூறவில்லை. உணவின் எல்லையை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன இடம் வேறொன்று காண்பது அரிது.

தமிழ் மரபும் இவ்வழியதே. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து' எனப் பெயர் பெற்றிருப்பினும், அதன் குறட்பாக்களுள் பெரும்பாலானவை அளவறிந்து உண்பதைப் பற்றியனவே. சித்த மருத்துவத்தில் பத்தியம் மருந்தோடு பிரிக்கவொண்ணாதது. மக்காவுக்குச் சென்று இஸ்லாத்தைத் தழுவியவர் என மரபு கூறும் யாகோபுச் சித்தரின் பெயரால் மருத்துவ நூல்கள் வழங்குவதும், தாம்பரம் சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை சித்த மருத்துவரும் சிந்தனையாளருமான அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) பெயரைத் தாங்கியிருப்பதும், இம்மரபு ஒரு சமயத்தாருக்கோ ஒரு குலத்தாருக்கோ மட்டும் உரியதன்று என்பதற்குச் சான்றுகள்.

சவுரிமுத்துவின் நம்பிக்கை

இனி, சானடோரியத்தின் கதைக்கு வருவோம். அதனை நிறுவியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தில் பயின்று, அங்கேயே மெண்டிப் குன்றுகளில் காசநோய்க்கான சானடோரியம் ஒன்றை நடத்திய தமிழர். காசநோய்க் கிருமியை 1882இல் இராபர்ட் கோக் கண்டறிந்துவிட்ட போதிலும், அதனை அழிக்கும் மருந்து எதுவும் அப்போது இல்லை. நோயாளியின் உடலை வலுப்படுத்துவதே மருத்துவரால் செய்யக்கூடியதாக இருந்தது.

கணித மேதை இராமானுஜன் 1914இல் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலில் சவுரிமுத்துவும் பயணம் செய்தார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1917இல், இராமானுஜன் அவருடைய மெண்டிப் நிலையத்திலேயே நோயாளியாகத் தங்கினார். போர்க்காலத்து இங்கிலாந்தில், சைவ உணவையே உண்ட அவருக்கு உணவு பெருஞ்சிக்கலாக இருந்தது. அவரைப் பரிசோதித்த மருத்துவர்களுள் பலர் காசநோயென்றே கருதினர். 1920இல் அவர் மறைந்தார். ஆயினும், அவருடைய நோய்க்குறிப்புகளை 1990களில் ஆராய்ந்த ஆங்கில மருத்துவர் ஒருவர், அது காசநோயன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாகவே இருந்திருக்கக்கூடும் என்று வாதிட்டார். அக்கருத்து சரியாயின், நல்ல காற்றும் நல்ல உணவும் அவருக்கு எவ்வளவு தரப்பட்டிருப்பினும் பயன் இராது. சோர்வு என்பது ஓர் அறிகுறி. அதன் வேர் எதுவென அறியாமல் உணவை மாற்றுவது இருளில் அம்பெய்வதற்கு ஒப்பாகும்.

சவுரிமுத்து தாயகம் திரும்பி, 1928இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அது அரசின் பொறுப்புக்கு வந்தது. பிற்காலத்தில் இந்நிலையம் எச்.ஐ.வி. நோயாளிகள் பெருந்தொகையினருக்குப் புகலிடமாயிற்று. காசநோயும் எச்.ஐ.வி.யும் மனிதனை உருக்கிச் சோரச் செய்யும் நோய்கள். அவற்றால் நலிந்தோருக்கு உணவின் அருமையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ராஸீயின் அளவுகோல்

1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோநியாசிட் ஆகிய மருந்துகள் வந்தபின் ஒரு புதிய கேள்வி எழுந்தது. மருந்து கிடைத்துவிட்ட நிலையில், சானடோரியத்தின் ஓய்வும் உயர்ந்த உணவும் இன்னும் தேவைதானா? இதற்கு விடை கண்ட ஆய்வு சென்னையிலேயே நடந்தது. 1956இல் சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. ஏறத்தாழ 200 ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தனர். மறு பிரிவினர் நெருக்கடியான தம் வீடுகளிலேயே வழக்கமான எளிய உணவை உண்டு வாழ்ந்தனர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து ஓராண்டு தரப்பட்டது.

1959இல் வெளிவந்த முடிவு உலகை வியப்பில் ஆழ்த்திற்று. சானடோரியத்தில் இருந்தோரின் எடை கூடுதலாக ஏறியது. ஆனால் நோய் தணிந்த அளவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒத்தே நின்றனர். உணவின் இடத்தைத் தனியே ஆராய்ந்து 1961இல் வெளிவந்த கட்டுரையும் இதனையே உறுதிப்படுத்தியது. அதன்பின் உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

மரபின்மீது பற்றுடையோர்க்கு இம்முடிவு கசப்பாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஆய்வுமுறை நம் மரபுக்கு அயலானதன்று. அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ, மூளையுறை அழற்சியை ஒத்த நோயின் அறிகுறிகள் கண்டவர்களுள் ஒரு பிரிவினருக்கு இரத்தம் வடித்தும், மறு பிரிவினருக்கு வேண்டுமென்றே வடிக்காமல் விட்டும், விளைவை ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தம் 'அல்-ஹாவீ'யில் எழுதியுள்ளார். உணவுகளின் நன்மைகளையும் தீமைகளை நீக்கும் வழிகளையும் பற்றித் தனி நூல் இயற்றியவரும் அவரே. உணவைப் போற்றியவரே ஒப்பிட்டுச் சோதிக்கவும் துணிந்தார் என்பதே இங்கு நாம் மறக்கலாகாத செய்தி.

கதை அத்துடன் முடியவில்லை. சேத்துப்பட்டு மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. அதன் பங்கேற்போடு ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' என்னும் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. காசநோயாளிகள் 2,800 பேரின் குடும்பத்தார் 10,000க்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். மாதந்தோறும் அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரை ஆகியவற்றைப் பெற்ற குடும்பங்களில் காசநோய் புதிதாகப் பற்றுவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளில், முதல் இரு மாதங்களில் எடை கூடியோரிடையே இறப்பும் குறைந்து காணப்பட்டது. ஆக, கிருமியை அழிப்பது மருந்து. உடலைக் காப்பதும் நோய் வராமல் தடுப்பதும் உணவு. 1959ஆம் ஆண்டு முடிவும் 2023ஆம் ஆண்டு முடிவும் முரண்பட்டவையல்ல. உணவுக்கு உரிய இடத்தை இரண்டும் சேர்ந்தே வரையறுக்கின்றன.

சோர்வும் ஷகீகாவும்

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு, தொடக்கத்தில் கண்ட இரு முறையீடுகளையும் அணுகலாம். முதலில் சோர்வு. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இல்லத்தரசியின் 'அசதி' என்று நாம் கடந்துபோகும் ஒன்றின் பின்னே இரும்புச்சத்துக் குறைவு மறைந்திருக்க மிகுந்த வாய்ப்புண்டு. முருங்கைக்கீரை, பருப்பு, ஈரல், இறைச்சி ஆகியவை இங்குப் பயன்தரும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் ஏற்பு மிகும். உணவோடு தேநீர் அருந்தினால் ஏற்பு குறையும். எனவே, பிரியாணி விருந்துக்குப் பின் உடனே சுலைமானி பருகும் வழக்கத்தை, இரத்தசோகை உடையோர் ஒரு மணி நேரமாவது தள்ளிவைப்பது நன்று. குறைவு மிகுந்தவிடத்து உணவு மட்டும் போதாது. இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். தைராய்டுக் கோளாறு, நீரிழிவு, காசநோய், மனச்சோர்வு ஆகியவையும் சோர்வாகவே முகங்காட்டும். ஆகவே இரத்தப் பரிசோதனை முதலில், பத்தியம் அடுத்து என்பதே முறை.

அடுத்து, ஒற்றைத் தலைவலி. இது பெரும்பாலும் பிறப்பிலேயே அமைந்த ஒரு நரம்பியல் இயல்பு. உணவு அதனைப் படைப்பதில்லை. தூண்டவோ தணிக்கவோ செய்யும். வேளைக்கு உண்ணாமை, நீர் குறைதல், உறக்கம் மாறுதல் ஆகியவை பலருக்குத் தூண்டுதல்களாகின்றன. தாம்பரத்திலிருந்து விடியலில் வண்டியேறி, காலையுணவைத் துறந்து, நண்பகலும் கடந்து உண்ணும் அலுவலருக்கு எந்த உணவை விலக்குவது என்பதைவிட எந்த வேளையையும் விலக்காதிருப்பதே முதற்பத்தியம்.

குறிப்பிட்ட உணவுகளைக் குற்றஞ்சாட்டுவதில் நிதானம் தேவை. தலைவலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே சிலருக்கு இனிப்பின்மீது வேட்கை எழும். அது நோயின் முன்னறிகுறியே. பின்னர் வலி வந்ததும் உண்ட சாக்லேட்டின்மீது பழி விழுகிறது. உண்டது, உறங்கியது, வலித்தது ஆகியவற்றை ஓரிரு திங்கள் குறிப்பேட்டில் எழுதி வந்தால் உண்மைக் காரணி எதுவெனத் தெளிவாகும்.

உணவு மாற்றம் பயன்தரும் என்பதற்குச் சான்றுகளும் உண்டு. அமெரிக்காவில் அடிக்கடி ஒற்றைத் தலைவலி கண்ட 182 பேரிடம் 16 வாரங்கள் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. கொழுப்பு மீன்களில் உள்ள ஒமேகா-3 கொழுப்பை மிகுத்து, விதை எண்ணெய்களில் உள்ள லினோலிக் அமிலத்தைக் குறைத்து உண்டோருக்கு, வழக்கமான உணவு உண்டோரைவிடத் தலைவலி நாள்கள் மாதத்துக்கு ஏறத்தாழ நான்கு குறைந்தன. எனினும், நோய் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவைக் கணக்கிட்ட மதிப்பீட்டில் உறுதியான வேறுபாடு தென்படவில்லை. நம் கடற்கரையில் மலிவாகக் கிடைக்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும் ஒமேகா-3 நிறைந்தவை. நம் அடுப்படிகளில் நிறைந்துவிட்ட சூரியகாந்தி எண்ணெயோ பொதுவாக லினோலிக் அமிலம் மிக்கது. அந்த ஆய்வு நம் உணவுமுறையில் நடந்ததன்று. ஆயினும் தீங்கின்றி முயன்று பார்க்கத்தக்க மாற்றம் இது.

நோன்பும் காப்பியும்

பாக்தாதின் மருத்துவர்கள் அறியாத பானம் ஒன்று நம் தலைவலிகளில் பெரும்பங்கு வகிக்கிறது. காப்பி 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபியாக்களிடையே பரவிற்று. இரவு திக்ருகளில் சோர்வும் உறக்கமும் அணுகாதிருக்க அவர்கள் அதனை அருந்தினர். 1511இல் மக்காவில் அது தடைசெய்யப்பட்டதும், அதைப் பற்றி ஃபிக்ஹு அறிஞர்கள் வாதிட்டதும், அப்துல் காதிர் அல்-ஜஸீரீ அதன் வரலாற்றை நூலாக்கியதும் அடுத்து வந்த செய்திகள். பாபா புதன் என்னும் இறைநேசர் அதன் விதைகளைச் சிக்கமகளூர்க் குன்றுகளுக்குக் கொணர்ந்தார் என்பது தென்னகம் போற்றும் மரபு.

சோர்வுக்கு மருந்தாக வந்த அப்பானம், பழகியவருக்கு ஒருநாள் நிறுத்தப்பட்டால் தலைவலியைத் தருகிறது. ரமளானின் முதல் நாளில் ரியாத் நகரில் நடந்து 1999இல் வெளியான ஆய்வொன்றில், நோன்பாளிகள் 91 பேரில் 41 விழுக்காட்டினருக்குத் தலைவலி கண்டது. நோன்பு வைக்காத 25 பேரில் 8 விழுக்காட்டினருக்கே கண்டது. காப்பி, தேநீர் நிறுத்தமே முதன்மைக் காரணமாகக் கருதப்பட்டது. இதற்குரிய தீர்வு எளிது. ஷஅபான் மாதத்தின் நடுவிலிருந்தே காப்பியையும் தேநீரையும் படிப்படியாகக் குறைப்பது. ஸஹரைத் தவறவிடாமல் அதன் இறுதி நேரத்தில் உண்பது. இரவில் போதிய நீர் பருகுவது. நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழத்தோடும் நீரோடும் கஞ்சியோடும் தொடங்கி, எண்ணெயில் பொரித்தவற்றைக் குறைப்பது. இவற்றுள் பல சுன்னத்தாகவே நமக்குக் கற்பிக்கப்பட்டவை. அவ்வாறிருந்தும் கடுமையான ஒற்றைத் தலைவலியால் வருந்துவோர்க்கு, நோயாளிக்குத் திருக்குர்ஆன் (2:184–185) வழங்கிய சலுகை உண்டு. மருத்துவரையும் ஆலிமையும் கலந்து அதனைப் பயன்படுத்துவதில் தாழ்வில்லை.

எல்லை அறிதல்

நபிவழி மருத்துவம் என்ற பெயரில் தேனையும் கருஞ்சீரகத்தையும் தல்பீனா மாவையும் எல்லா நோய்க்கும் தீர்வாக விற்போர் இன்று பெருகியுள்ளனர். அவர்களை நம்பி நீரிழிவு மாத்திரையையும் காசநோய் மருந்தையும் கைவிடுவோரும் உளர். இது குறித்து நம் முன்னோர் ஒரே குரலில் பேசவில்லை. இப்னுல் கய்யிம் நபிமொழி மருத்துவத்தை வஹீயின் ஒளியோடு இணைத்துப் பேசினார். இப்னு கல்தூனோ, அது அரபியரின் வழக்கத்தில் இருந்த மருத்துவமே, ஷரீஅத்தைக் கற்பிக்கவே நபி (ஸல்) அவர்கள் அனுப்பப்பட்டார்கள் என்று 'முகத்திமா'வில் எழுதினார். இவ்விருவருள் எவரைப் பின்பற்றினும், நோயை அறியாமல் மருந்தை நிறுத்துவதற்கு எவரிடத்திலும் ஆதாரம் இல்லை.

மறுபுறம், வலிநிவாரணியையே உணவாகக் கொள்வோரும் தவறிழைக்கின்றனர். மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ சாதாரண வலிநிவாரணி உண்டால், அம்மருந்தே தலைவலிக்குக் காரணமாகிவிடும். திடீரென இடிபோல் தாக்கும் வலி, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றும் வலி, காய்ச்சலோடோ கைகால் தளர்ச்சியோடோ வரும் வலி ஆகியவற்றுக்குப் பத்தியம் பார்த்துக் காத்திருத்தல் கூடாது. உடனே மருத்துவமனை செல்லவேண்டும்.

சவுரிமுத்து தொடங்கிய நிலையத்தில் இன்று மருந்தும் உணவும் அருகருகே பரிமாறப்படுகின்றன. உணவே போதும் என்று ஒரு காலமும், உணவு தேவையே இல்லை என்று இன்னொரு காலமும் எண்ணிய பிறகே அந்நிலை வந்தது. நம் இல்லங்களிலும் அவ்விரு கோடிகளுக்கு இடையே நிற்கக் கற்றால் போதும். நோயின் வேரை அறிதல், வேளைக்கும் அளவோடும் உண்ணுதல், பயன் கண்டதா எனக் குறித்து வைத்தல், தேவைப்பட்டால் தயங்காது மருந்துண்ணுதல் என்னும் இந்நான்கும் ராஸீயின் பள்ளியில் பயின்ற எந்த மாணவரும் ஏற்றுக்கொண்டிருக்கக்கூடியவையே.